படகின் மின்வேலைக்குத் தக்கார் யார்?

எவ்வினையையும் அவ்வினைக்கு உரியாரை ஆராய்ந்து ஒப்புவித்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. திருவள்ளுவனார் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்றும், தெரிந்து வினையாடல் என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தமை இதன் அருமையை நன்கு காட்டும். ஆளைத் தேர்தல் வேறு, தேர்ந்த ஆளை அவனுக்கேற்ற வினையில் வைத்தல் வேறு என்பது அவர் கருத்துப் போலும். நல்லவனாகவும் வல்லவனாகவும் இருக்கும் ஒருவன் தனக்குரியதல்லாத வினையில் வைக்கப்படுவானாயின், அவன் நன்மையும் வன்மையும் பயன்படாமற் போதலே யன்றிக் கேட்டிற்கும் காரணமாகும். இவ்வுண்மையை இக்காலத்து வினையொன்றில் வைத்து ஆராய்வதே நம் நோக்கம். அவ்வினை, கடலிற் செல்லும் படகிற்கு மின்கம்பி பொருத்துதல்.

கரிசற்காட்டில் வாழும் நமக்கும் படகிற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். மழையை நோக்கி வானம் பார்த்திருக்கும் நம் ஊர்களில் கண்மாய் நிறைவதே அரிது. படகு எங்ஙனம் வரும்? ஆயினும், பாஞ்சாலங்குறிச்சியினின்று கிழக்கு நோக்கிச் செல்வார்க்குக் கரிசல் நிலம் மெல்ல மணலாக மாறித் தருவைகுளம், வேம்பாறு முதலிய கடற்கரை யூர்களில் முடிதல் தெரியும். பாஞ்சாலங்குறிச்சிக்கு அணித்தேயுள்ள ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களே 1906-ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொணரச் செய்தார். ஆதலின், கரிசலிற் பிறந்தார் கடலுக்கு அந்நியர் என்று எவரும் கூறார்.

இன்றைய தொடர்பு இன்னும் நெருங்கியது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய காலமுதல் இப்பகுதியில் மின்தொழில் பெருகிற்று. கோவிற்பட்டி ஆலைகளிலும், தீப்பெட்டிச் சாலைகளிலும், புஞ்சைக் கிணறுகளிலும் மின்சாரம் புகுந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டுவோரும், வீட்டிற்கு வயரிங் செய்வோரும், லாரிகளுக்குப் பாட்டரி பார்ப்போரும் ஊர்தோறும் உளராயினர். இவர்கள் கைத்திறம் படைத்தவர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் இவர்களுட் பலர் வேலை நாடித் தூத்துக்குடிக்குச் செல்லுதல் இயல்பே. கரையில் இவர்களை எதிர்நோக்கி நிற்பன விசைப்படகுகள்.

முற்காலத்துத் தோணிக்குக் காற்றும் பாயுமே போதுமாயிருந்தன. இக்காலத்து விசைப்படகோ பல நாட் கடலில் தங்குவது. அதற்கு எஞ்சினைக் கிளப்பும் பாட்டரி வேண்டும். இரவில் பிற கலங்கள் கண்டு விலகும் பொருட்டு விளக்குகள் வேண்டும். அடித்தட்டில் ஊறும் நீரை இறைத்தெறியப் பம்பு வேண்டும். திசையும் இடமும் காட்டும் கருவி, ஆழமறியும் கருவி, கரையோடும் பிற படகுகளோடும் பேசும் வயர்லெஸ் ஆகிய யாவும் வேண்டும். இவையனைத்தும் ஒரே பாட்டரிக் கூட்டத்தையும் சில கம்பிகளையும் நம்பி யிருப்பன. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தென்கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலிற் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்று எட்டவில்லை என்பதை நாம் மறந்திலோம். அன்று குறையாயிருந்தது தொலைவு. தொலைவு குறுக்கும் கருவிகள் வந்த பின்னரும், அக்கருவிக்குச் செல்லும் கம்பி அறுந்து கிடக்குமாயின் பயன் யாது?

இங்குக் கருதற்பாலது ஒன்றுண்டு. வீட்டிற்கு மின்வேலை செய்பவனைத் தேர்ந்தெடுப்பவன் அவ்வீட்டிலேயே வாழ்கின்றான். தேர்விற் பிழை நேரின் அவனே துன்புறுவான். படகிலோ, ஆளைத் தேர்ந்து கூலி பேசும் சம்மாட்டி பெரும்பாலும் கரையில் இருக்கின்றார். அத்தேர்வின் விளைவை ஏற்பவர் கடலில் இருக்கின்றனர். பங்குக்கு உழைக்கும் அம்மீனவர்களை யாரும், “இவ்வேலையை யாரிடம் கொடுக்கலாம்?” எனக் கேட்பதில்லை. தேர்பவர் ஒருவரும், உயிரை ஒப்புவிப்பவர் வேறொருவருமாக இருக்கும் இந்நிலையில், தேர்வு என்பது வெறும் வரவு செலவுக் கணக்கன்று, அறத்தின்பாற் பட்டது. நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதுவே.

இனி, நிலத்து மின்வேலைக்கும் கடலின் மின்வேலைக்கும் உள்ள வேற்றுமையைச் சிறிது ஆராய்வோம். வீட்டிற்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அது தொட்டாரைக் கொல்லும் என்பது குழந்தையும் அறியும். படகின் பாட்டரி தருவதோ 12 அல்லது 24 வோல்ட். “இதைக் கையாற் பிடித்தாலும் ஒன்றும் செய்யாதே, இதற்கு என்ன அச்சம்?” என நினைப்பவர் பலர். இந்நினைவே முதற்பிழை. 100 வாட் சக்தி கொண்ட விளக்கொன்று 230 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவான ஓட்டத்தையே கொள்ளும். 12 வோல்ட்டில் அதே விளக்கு 8 ஆம்பியருக்கு மேல் கொள்ளும். வோல்ட் குறையக் குறைய ஓட்டம் மிகும். ஓட்டம் மிகின் கம்பி சூடேறும். வீட்டு மின்சாரம் மனிதனைத் தாக்கி யழிப்பது. படகின் மின்சாரம் பெரும்பாலும் தீயாய் மாறி யழிப்பது.

மற்றொரு கணக்கையும் காண்க. 10 ஆம்பியர் வேண்டும் நீர்ப்பம்பு ஒன்று பாட்டரியிலிருந்து 10 மீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொள்வோம். போகவும் வரவும் 20 மீட்டர் கம்பி செல்லும். வீடுகளில் வழங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியையே அங்கும் இழுத்தால், வழியில் ஏறத்தாழ 1.4 வோல்ட் இழப்பாகும். 230 வோல்ட்டில் இஃது நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. வீட்டு மின்தொழிலாளி இதனைக் கருதவேண்டுவதே இல்லை. 12 வோல்ட்டிலோ இது நூற்றுக்கு 11-க்கும் மேற்பட்ட இழப்பு. கரையிற் சோதிக்கும்போது பம்பு ஓடும். பாட்டரி சற்றுத் தளர்ந்த நள்ளிரவில், படகில் நீர் ஏறும் வேளையில், அதே பம்பு முனகி நிற்கும். செய்தவன் வஞ்சகன் அல்லன். தான் வீட்டிற் கற்றதைப் பழுதின்றிச் செய்தான். கற்ற இடம் வேறு, செய்த இடம் வேறு என்பதே குற்றம்.

பியூஸின் நிலையும் இத்தகையதே. வீட்டிற் பியூஸ் வைக்கும் இடம் வாயிற்புறத்து மீட்டர்ப் பலகை. படகில் மின்சாரம் பிறக்கும் இடம் பாட்டரியே யாதலின், காப்பும் அங்கேயே தொடங்குதல் வேண்டும். அமெரிக்கப் படகுகளுக்கு விதிமுறை வகுக்கும் கழகத்தார், சில விலக்குகள் நீங்கலாக, பாட்டரியினின்று 7 அங்குலத்திற்குள் பியூஸ் அமைதல் வேண்டும் என வரையறுத்துள்ளனர். காரணம் எளிது. பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவலில்லை. அக்கம்பி ஓர் இரும்பு முனையில் உராய்ந்து தோலுரியுமாயின், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடியிற் பொழியும். கம்பி பழுக்கக் காய்ந்து மரத்தைப் பற்றும். பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது எழும் ஹைட்ரஜன் வாயு காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே வெடிக்கவல்லது. கடல்நீர் பாட்டரியுட் புகுமாயின் குளோரின் என்னும் நச்சுவாயு உண்டாகும். ஆகவே பாட்டரியை எங்கே வைப்பது, எவ்வாறு கட்டுவது, காற்று எவ்வழிச் செல்வது என்பனவெல்லாம் மின்வேலையின் பகுதிகளே. தீப்பெட்டித் தொழிலால் வாழும் கோவிற்பட்டியார்க்கு ஒரு சிறு பொறியின் ஆற்றலை விரித்துரைத்தல் மிகை. கரையில் தீப்பற்றினால் ஓடிப் பிழைக்கலாம். நடுக்கடலில் ஓடுவது எங்கே?

உப்புக்காற்றின் கொடுமை வேறு. செப்புக்கம்பியின் இழைகளில் உப்பீரம் ஏறினால் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பேறிய கம்பி மின்சாரத்தைத் தடுத்துச் சூடேறும். நம் வீடுகளிற் பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவது போன்றே, கடற்கம்பியின் ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயம் பூசியிருத்தல் வேண்டும். எஞ்சினின் ஓயா அதிர்ச்சியில் தடித்த ஒற்றைக்கம்பி முறிந்துவிடும்; மெல்லிய பல இழைகளான கம்பியே தாங்கும். முனைகளை முறுக்கி மேலே நாடாச் சுற்றும் வழக்கம் படகில் ஒரு பருவத்திற்கும் நில்லாது. பொருத்து முனையை அதற்குரிய கருவியால் இறுக அழுத்தி, ஈரம் புகாது மூடுதல் வேண்டும்.

இவற்றினும் நுட்பமானது, உலோகங்கள் ஒன்றையொன்று தின்னும் செயல். வேறு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றோடொன்று தொடர்புற்று நின்றால் அதுவே ஒரு பாட்டரி போலாகும். அவற்றுள் ஒன்று கரையும். அதனாலேயே படகின் அடியிற் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். சுழல்விசிறிக்கும் அதன் தண்டிற்கும் பதிலாக அத்துத்தநாகம் கரைகின்றது. மின்கம்பியைத் தவறாக இணைத்து மின்சாரம் நீரிற் கசியவிட்டால், பல்லாண்டு நிற்கவேண்டிய உலோகம் சில நாள் அல்லது சில வாரங்களில் அரிக்கப்படும். வீட்டு வயரிங் கற்றவனுக்கு இதனை அறியும் வாய்ப்பே நேர்ந்திராது.

இது பற்றிய பழைய வரலாறு ஒன்று மிகவும் படிப்பினை தருவது. ஆங்கிலப் போர்க்கப்பல்களின் அடியிற் போர்த்த செப்புத்தகடு கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி வேண்டுமென, அந்நாட்டுக் கடற்படையார் ஸர் ஹம்ப்ரி டேவியை வேண்டினர். அவர் அக்காலத்து இரசாயன அறிஞருள் தலைசிறந்தவர். மின்சாரத்தைக் கொண்டு சோடியம், பொட்டாசியம் முதலிய உலோகங்களைப் பிரித்துக் காட்டியவர். துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு சேர்த்துவைத்தால் செம்பு கெடாது என 1824-ஆம் ஆண்டில் அவர் கண்டுரைத்தார். ஸாமரங் என்னும் கப்பலில் அம்முறை சோதிக்கப்பட்டது. அவர் கூறியபடியே செம்பு கெடவில்லை. ஆனால், கரைந்த செம்பே இதுகாறும் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுத்துவந்தது என்பது பின்னரே விளங்கிற்று. செம்பு கரையாது நின்றமையால் சிப்பிகள் அடியில் மண்டின. கப்பல்களின் வேகம் குன்றியது. சில ஆண்டுகளுக்குள் அம்முறை கைவிடப்பட்டது. டேவியின் விஞ்ஞானத்தில் பிழையில்லை. பிற்காலத்து இரும்புக் கப்பல்களுக்கு அவர் முறையே காப்பாயிற்று. மின்சாரம் அறிந்த பேரறிஞர் கடலை அறியாமை ஒன்றே அன்று குறையாயிற்று.

இதற்கு மறுதலையாகவும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1880-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கட்டப்பட்ட கொலம்பியா என்னும் நீராவிக் கப்பலுக்கு எடிசனின் மின்விளக்குகளைப் பொருத்த அதன் உரிமையாளர் விரும்பினர். கப்பல் கட்டும் தொழிலிற் பேர்பெற்றவராகிய ஜான் ரோச் என்பார் அதனை ஐயுற்றுத் தயங்கினார். முடிவில் அக்கப்பல் நியூயார்க்கிற்குக் கொண்டுவரப்பட்டு, எடிசனின் ஆட்களே கம்பியும் விளக்கும் பொருத்தினர். அவ்விளக்குகள் நன்றாகவே எரிந்தன. கப்பல் அறிந்தவர் மின்சாரம் அறியாதவிடத்து, தம் கையால் அரைகுறையாகச் செய்யாமல் உரியார்க்கு இடம் விட்டது நன்றாயிற்று. ஆகவே படகின் மின்வேலைக்கு இரண்டு அறிவும் வேண்டும்; இரண்டும் ஒருவனிடம் இல்லையேல், இருவர் ஒருங்கிருந்து செய்தல் வேண்டும்.

பெருங்கப்பல்களில் இக்குறை இல்லை. 2010-ஆம் ஆண்டு மணிலா நகரில் திருத்தப்பட்ட அனைத்துலக உடன்படிக்கை, கப்பலின் மின்கருவிகளுக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற அதிகாரியின் தகுதிகளை வரையறுத்தது. அமெரிக்காவில் 1954-ஆம் ஆண்டில் தோன்றிய படகுக் கழகம் படகு மின்தொழிலாளர்க்குத் தனிச் சான்றும் வழங்குகின்றது. நம் நாட்டில் மின் உரிம வாரியம் வழங்கும் வயர்மேன், மேற்பார்வையாளர் சான்றுகள் உள்ளன. இவற்றை நாம் சிறிதும் குறைத்துரையோம். சான்று இல்லாதவனைக் கம்பியருகே விடுதல் ஆகாது. ஆனால், அச்சான்று நிலத்து வேலைக்கான வாயில். கடலுக்கு அது முதற்படியே யன்றி முடிந்த படியன்று.

அங்ஙனமாயின், தக்காரை அறிவது எவ்வாறு? அவன் கூறும் விடைகளைக் காட்டிலும் அவன் கேட்கும் வினாக்களால் அவனை அறியலாம் என்பது நம் துணிபு. படகைப் பாராமலே கடையில் அமர்ந்தபடி, “இத்தனை ரூபாய் ஆகும்” என்பவன் தக்கவன் அல்லன். தக்கவன் முதலிற் படகில் இறங்குவான். அடித்தட்டைத் திறந்து நோக்குவான். எத்தனை விளக்கு, எத்தனை கருவி, எவை இரவெல்லாம் ஓடும், எத்தனை நாட் கடலில் தங்குவீர், எஞ்சின் நின்றால் எவை நில்லாதிருத்தல் வேண்டும் என்று கேட்பான். கேட்டவற்றைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே பாட்டரியின் அளவைக் கூறுவான். கம்பி செல்லும் வழிகளைப் படமாக வரைந்து, ஒவ்வொரு கம்பிக்கும் எண்ணிட்டு, அப்படத்தின் படியொன்றைப் படகிலேயே வைப்பான். ஏனெனில் கடலிற் பழுது நேர்ந்தால் பார்க்கவேண்டியவர் அவனல்லர், ஓட்டுநரே. எல்லாக் கருவிகளையும் ஒருங்கே ஓடவிட்டு, தொலைவிலுள்ள முனையில் வோல்ட்டை அளந்து காட்டுவான். வெள்ளோட்டத்திற்குத் தானும் உடன்வருவான். இவையனைத்தினும் மேலாக, “இவ்வயர்லெஸ் வேலை எனக்குத் தெரியாது, அதற்குரியவரை அழையுங்கள்” என்று கூற நாணமாட்டான். தன் அறிவின் எல்லையை அறிந்தவனிடமே நம் உயிரின் எல்லையை ஒப்புவிக்கலாம்.

காலமும் கருதத்தக்கது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. படகுகளைக் கரையேற்றிச் செப்பனிடும் காலம் அதுவே. மரவேலையும் வண்ணமும் எஞ்சின் வேலையும் முடிந்த பின்னர், கடைசி வாரத்தில் மின்வேலைக்கு ஆள் தேடினால் கிடைத்தவனே தக்கவனாகிவிடுவான். தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆளைத் தேர்ந்து, பலகைகளை மூடுமுன் கம்பிகளை அமைத்தலே முறை. கூலியில் ஒரு பகுதியை வெள்ளோட்டம் முடிந்த பின் கொடுப்பதென முன்னரே பேசிக்கொள்ளுதல் இருவர்க்கும் நலம்.

இதற்கு மறுப்புரைப்பார் உளர். “நல்ல கம்பியும் நல்ல ஆளும் விலை மிகுதி, மீன் வரவோ நிலையற்றது, என் செய்வோம்?” என்பர். இது புறக்கணிக்கத்தக்க சொல்லன்று. டீசல் விலையும் கடனும் சம்மாட்டிகளை நெருக்குதலை நாம் அறிவோம். ஆயினும், செலவைக் குறைக்க வேண்டுமாயின் அலங்கார விளக்குகளிற் குறைக்கலாம். பியூஸிலும் நீர்ப்பம்பின் கம்பியிலும் குறைத்தல் கூடாது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டிற் செய்ய இயலாதெனின், பாட்டரி, பம்பு, வயர்லெஸ், வழிவிளக்கு என்னும் நான்கினை முதலாண்டிற் செம்மை செய்து, ஏனையவற்றைப் பின்னர்ச் செய்யலாம். வேறு சிலர், “இவன் இருபதாண்டுகளாக எங்கள் படகுகளைப் பார்த்து வருபவன், ஏட்டுப் படிப்பு எதற்கு?” என்பர். அனுபவத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. 1801-ஆம் ஆண்டில் ஊமைத்துரையின் ஆட்கள் பாஞ்சாலங்குறிச்சியில் மீளக் கட்டிய மண்கோட்டை, மார்ச்சுத் திங்களில் வந்த ஆங்கிலப் படையைப் பின்வாங்கச் செய்தது. மே மாதத்தில் பெரும்படை வந்த பின்னரே வீழ்ந்தது. மண்ணறிந்த கையின் வலிமை அது. ஆனால், இருபதாண்டு அனுபவம் என்பது இருபது ஆண்டும் கற்றுவந்த அனுபவமா, ஓராண்டுப் பழக்கத்தை இருபதுமுறை செய்ததா என வினவுதல் வேண்டும். முன்னையதாயின் அவனே தக்கவன்; அவனுக்குச் சான்று பெற உதவுக. பின்னையதாயின் நட்பும் உறவும் நிற்க, வேலையைப் பிறரிடம் கொடுக்க.

நம் மாணாக்கருக்கும் இதிற் கடமையுண்டு. அவர்களுள் பலர் கரிசற் சிற்றூர்களினின்று வருபவர். அவர்தம் தமையன்மார் பலர் மின்தொழில் செய்பவர். கேரளத்தில் 2017-ஆம் ஆண்டு முதல் ஆதித்யா என்னும் சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றி வைக்கம் நீர்வழியில் ஓடுகின்றது. கொச்சியில் 2023-ஆம் ஆண்டு முதல் பாட்டரியால் இயங்கும் படகுகள் நகர மக்களைச் சுமக்கின்றன. படகிற்குச் செல்லும் மின்சாரம் இனி விளக்கிற்கு மட்டுமன்று, ஓட்டத்திற்கே ஆகும் காலம் அண்மையில் உள்ளது. தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டு முதல் மீன்வளக் கல்லூரி உள்ளது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளன. இவர்களும் நம் போன்ற கல்லூரிகளும் கூடி, மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மாதப் படகு மின்தொழில் வகுப்பொன்றை நடத்துதல் இயலாததன்று. கரிசலின் கைத்திறமும் கடலோரத்தாரின் பட்டறிவும் அவ்வகுப்பில் ஒருங்கே அமரும். நம் பௌதிகச் சாலையில் நாம் கற்கும் ஓமின் விதி, அங்கு ஒரு மீனவன் வீடு திரும்பும் வழியாக மாறும்.

அப்போஸ்தலர் நடபடிகளின் இருபத்தேழாம் அதிகாரத்திற் கூறப்படும் கடற்பயணத்தை நம்மவர் நன்கறிவர். புயலில் அகப்பட்ட கப்பலினின்று கப்பலாட்கள் சிறு படகை இறக்கித் தப்ப முயன்றபோது, அவர்கள் கப்பலில் தங்காவிடில் ஏனையோர் பிழைத்தல் அரிது எனப் பவுலடிகள் எச்சரித்தார். எல்லாரும் காக்கப்படுவர் என்னும் தெய்வ வாக்கைப் பெற்றிருந்த பக்தரே, தொழிலறிந்த கைகள் அக்கப்பலில் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியமை சிந்திக்கத்தக்கது. இறைவனை நம்புதலும் வினையறிந்தாரைத் தேடுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மாலையிற் படகு புறப்படும்போது கரையில் நின்று கைகூப்பும் தாய்மாரின் வேண்டுதல் நிறைவேற, நாம் செய்யவேண்டிய பங்கு ஒன்றுண்டு. அப்படகின் கம்பியை இணைத்த கை தக்கார் கையாயிருக்குமாறு பார்த்தலே அது.